சிறு சில்லின் இரு கணக்கு

மாணவர்களே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் பின்னர் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் நீர்மட்டம் உயர்ந்தால் ஒலியெழுப்பும் கருவி ஒன்று செய்தனர். ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லுக்கு 'சி' மொழியில் நிரல் எழுதினர். அச்சில்லில் நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 32,768 பைட்டு. ஓடும்போது மாறிகள் இருக்கும் ரேம் நினைவகமோ வெறும் 2,048 பைட்டு.

தொகுப்பி தந்த ஹெக்ஸ் கோப்பு ஏறத்தாழ 55,000 பைட்டு இருக்கக் கண்டு பிள்ளைகள் அஞ்சினர். அவ்வச்சம் வீண். ஹெக்ஸ் கோப்பு எழுத்துகளால் ஆனது. ஒரு பைட்டை எழுத அதில் ஈரெழுத்து வேண்டும். ஒரு வரியில் முக்காற்புள்ளி, பைட்டு எண்ணிக்கை, முகவரி, வகை, சரிபார்ப்பு எண் ஆகியனவும் சேருவதால், 16 பைட்டுக்கு 43 எழுத்தாகிறது. உண்மையில் சில்லில் ஏறுவது 20,000 பைட்டே.

இடர் வேறிடத்தில் இருந்தது. எல்ஃப் என்னும் கோப்பை ஏவிஆர்-சைஸ் கருவியிடம் கொடுத்தால் மூன்று எண்கள் கிடைக்கும். டெக்ஸ்ட் 18,740, டேட்டா 1,260, பி.எஸ்.எஸ். 610. டெக்ஸ்ட் என்பது கட்டளைகள். அது ஃபிளாஷில் மட்டும் இருக்கும். பி.எஸ்.எஸ். என்பது சுழியத்தில் தொடங்கும் மாறிகள். அது ரேமில் மட்டும். டேட்டாவோ இரண்டிலும் இடம் கேட்கும்! மின்சாரம் வந்தவுடன் அது ஃபிளாஷிலிருந்து ரேமுக்குப் படியெடுக்கப்படுகிறது அன்றோ? ஆகவே ரேமில் 1,870 பைட்டு போக, எஞ்சியது 178. சார்புகள் ஒன்றையொன்று அழைக்கும்போது வளரும் அடுக்கு, ரேமின் உச்சியிலிருந்து கீழிறங்கி வந்து, மாறிகளின்மேல் எழுதிவிட்டது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கருவி, எச்சரிக்கை தரவேண்டிய வேளையில் தானே மறுதொடக்கம் கொண்டது. வெள்ளத்திற்கு அஞ்சும் தெருவில் இது சிறு குறையன்று.

டேட்டாவை நிரப்பியவை எச்சரிக்கை வாசகங்கள். எந்த மாறி எங்கே இருக்கிறது என்று காட்டும் மேப் கோப்பைப் புரட்டி, அவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். புரோக்மெம் என்னும் குறிப்புச் சொல்லால் அவ்வாசகங்களை ஃபிளாஷிலேயே நிறுத்தினர். ஃபிளாஷ் கணக்கு ஏறக்குறைய மாறவில்லை. டேட்டா 140 ஆயிற்று. ரேமில் 1,298 பைட்டு மிஞ்சியது.

அடுக்கு எவ்வளவு உண்ணும் என்பதை அம்மூன்று எண்களும் சொல்லா. அதற்கு, தொடக்கத்தில் வெற்று ரேம் முழுவதும் ஒரே எண்ணை நிரப்பி வைத்து, நெடுநேரம் ஓடிய பின் எத்தனை பைட்டு கலையாதிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.