சட்டாம்பிள்ளையும் துணைமாணாக்கரும்

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தமையை முதியோர் சொல்ல நம்மிற் பலர் கேட்டிருக்கலாம். உபாத்தியாயர் வருமுன் வந்து, பிள்ளைகளை வரிசையாக இருத்தி, மணலைப் பரப்பி, அரிச்சுவடியைத் தான் முன்சொல்ல மற்றையோர் பின்சொல்லுமாறு செய்து, எண்சுவடி ஒப்புவிப்பதைக் கேட்டு, வாராத பிள்ளையை அழைத்துவர ஆள் அனுப்பும் அதிகாரம் அவனுக்கு இருந்தது. அவனும் ஒரு மாணாக்கனே. பிறரைவிட இரண்டொரு சுவடி முன்னே சென்றவன், அவ்வளவே.

மேல்வகுப்பு மாணாக்கர் கீழ்வகுப்பாருக்குத் துணையாக நின்று வழிகாட்டும் ஏற்பாட்டை நம் அரசாங்க உயர்நிலைப் பள்ளிகளில் நிறுவவேண்டுமென்று இக்காலத்துக் கல்வியாளர் பேசுகின்றனர். அதனை மேனாட்டிலிருந்து வந்த புதுமையென்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. இம்முறை சென்னையிலிருந்து சீமைக்குக் கப்பலேறிச் சென்று, சென்றவிடத்திற் பெருகி, பின்பு கெட்டது. கெட்ட காரணத்தை அறியாமல் அதனை மீண்டும் தொடங்குவோமாயின், அதே பள்ளத்தில் நாமும் விழுவோம். ஆதலின் அவ்வரலாற்றை முதலிற் சொல்லுகின்றேன்.

ஸ்காத்லாந்து தேசத்துப் பாதிரியார் ஆண்டுரு பெல் என்பவர் 1787-ஆம் ஆண்டிற் சென்னை வந்தார். 1789-இல் எழும்பூர்க் கொத்தளத்தில், இன்று ரயில் நிலையம் நிற்கும் பக்கத்தில், ஐரோப்பியப் போர்வீரரின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஓர் ஆண்பிள்ளை விடுதிப் பள்ளி ஏற்பட்டபோது, அதன் மேற்பார்வை அவரிடம் வந்தது. அப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் இந்நாட்டுத் தாய்மார் வயிற்றிற் பிறந்தவர். பள்ளிக்கு வாய்த்த உதவி ஆசிரியரோ ஊக்கமற்றவராயிருந்தனர். ஒருநாட் காலை பெல் வெளியே சென்றபோது, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதமும் வேண்டாம், மையும் வேண்டாம். எழுதியது பிழையாயின் கையால் துடைத்துவிடலாம். அவ்வாறே செய்யுங்கள் என்று தம் ஆசிரியரிடம் சொன்னார். அவர்கள் அது இயலாது என்றனர். உடனே அவர், மேல்வகுப்பில் இருந்த ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். ஆசிரியரால் ஆகாதென்ற காரியம் அவனால் ஆயிற்று. பிறகு வகுப்பு வகுப்பாக அம்முறை பரவிற்று.

1796-இற் பெல் தாய்நாடு திரும்பி, அடுத்த ஆண்டில் இதனை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். அம்முறைக்கு அங்கே வழங்கிய பெயர் 'மதராஸ் முறை' என்பது. அவர் பிறந்த செயின்ட் ஆண்டுரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர் தாங்கி நிற்கின்றது. எழும்பூரிற் பலருக்குத் தெரியாத செய்தி அவ்வூரிற் பெயர்ப்பலகையில் இருக்கின்றது!

பெல் கண்டது தனியொரு பள்ளியின் வழக்கமன்று. ஸர் தாமஸ் மன்றோ சென்னை கவர்னராயிருந்தபோது 1822-இல் ஜில்லாதோறும் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். இராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள் எண்ணப்பட்டன. பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்பல் 1823-இல் அனுப்பிய அறிக்கை அவற்றுள் விரிவானது. முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியவர்க்குக் கற்பிக்கும் முறையை அவர் வெகுவாகப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்கின்றார். ஆனால் அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. பள்ளிக்கு முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவன் கையிற் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி, பின்வருவோர்க்கு ஒவ்வோரடி கூடும். சோம்பியவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து கப்பியால் தொங்கவிடுவதும் உண்டாம். கற்பித்தலும் கண்காணித்தலும், துணையும் தண்டனையும், ஒரே திண்ணையில் இருந்தன. 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்னுஞ் சொல்லுக்கு இன்று வேண்டாத அதிகாரஞ் செலுத்துதல் என்றே பொருள் வழங்குகின்றது. அவன் கற்பித்ததை மறந்து அடித்ததையே மொழி நினைவில் வைத்திருக்கின்றது.

இங்கிலாந்தில் நடந்தது இதனினும் பெரிது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798-இல் லண்டன் பரோ ரோட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, இதனையொத்த முறையைக் கையாண்டார். ஒரே ஆசிரியர், சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு, ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்பது அவர் வாதம். ஏழைகளின் கல்விக்குப் பணஞ் செலவிட மனமில்லாத கனவான்களுக்கு இது தேனாக இனித்தது. பெல்லைச் சார்ந்தோர் 1811-இல் ஒரு சங்கமும், லங்காஸ்டரைச் சார்ந்தோர் வேறொரு சங்கமும் அமைத்து, நாடெங்கும் பள்ளிகளைப் பரப்பினர். லங்காஸ்டர் பிரம்பை வெறுத்தவர். ஆயினும் குற்றஞ் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை கட்டுவதும், கூடையில் இருத்திக் கூரையிலே தொங்கவிட்டு ஏனையோரை நகைக்கச் செய்வதும் அவருக்கு உடன்பாடாயின. பல்லாரிக் கப்பிக்கும் லண்டன் கூடைக்கும் எவ்வளவு தூரம் என்று படிப்பவரே அளந்துகொள்ளலாம். பிள்ளைகள் கிளிபோல் ஒப்புவித்தனர், பொருள் அறிந்திலர். 1846-இல் அந்நாட்டார் அம்முறையைக் கைவிடத் தலைப்பட்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோரை ஐந்தாண்டு ஆசிரியரிடம் பயிற்றிச் சம்பளமும் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தனர்.

கெட்டது ஏன்? சிறுவன் சிறுவனுக்குக் கற்பித்ததனால் அன்று. ஆசிரியருக்குத் துணையாக வேண்டியவனை ஆசிரியருக்குப் பதிலாக நிறுத்தினர். தோழனாக வேண்டியவன் கையில் தண்டனையைக் கொடுத்தனர். இவ்விரண்டையும் நீக்கினால் எஞ்சுவது நல்ல பொருளென்பதற்குப் பிற்காலத்து ஆராய்ச்சி சான்று தருகின்றது. 1982-இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், மாணாக்கர்க்குத் தனித்துணை அளித்துக் கற்பித்த 65 பரிசோதனைகளை ஒருங்குவைத்து ஆராய்ந்தனர். கற்றவர் முன்னேறினர், கற்பித்த மாணாக்கரும் அப்பாடத்தில் முன்னேறினர். இஃது எதிர்பாராத பயனன்று. சொல்லிக்கொடுக்கப் புகுந்தவன் தன் அறியாமையை முதலிற் காண்கின்றான் அல்லவா?

சென்னையிலேயே இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2003 முதல் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளிற் செயல்வழிக் கற்றல் புகுத்தப்பட்டபோது, பிள்ளைகள் குழுக்களாகத் தரையில் அமர்ந்தனர். ஒரு குழு ஆசிரியர் துணையோடும், ஒரு குழு தோழர் துணையோடும், ஒரு குழு தானாகவும் பயின்றது. தோழர் துணை என்னும் படி அங்கே ஆசிரியர் துணைக்குப் பின்னர் வைக்கப்பட்டது. அதற்கு மாற்றாக அன்று. அம்முறையில் எனக்குப் பிற குறைகள் தோன்றினும், இந்த ஒன்று சரியென்றே கருதுகின்றேன்.

இனி உயர்நிலைப் பள்ளிக்கு வருவோம். ஈக்காட்டுத்தாங்கலை எடுத்துக்கொள்ளலாம். தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். ஏரி பெயரளவில் நிற்க, அடையாற்றங்கரையில் நெருங்கிய தெருக்களே இப்போது உள்ளன. 1958-இற் கிண்டித் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் பட்டறை வேலைக்கு வந்தோர் பலர் இப்பகுதிகளிற் குடியேறினர். இப்போது வடநாட்டிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். இத்தகைய ஊரில் ஆறாம் வகுப்பிற் சேரும் பிள்ளையின் நிலையை நினைமின். ஐந்தாம் வகுப்புவரை ஓர் ஆசிரியரே எல்லாப் பாடமுஞ் சொன்னார். இங்கே மணிக்கொருவர் வருகின்றார். வீட்டில் அப்பாடத்தைக் கற்றவர் ஒருவருமில்லை. எந்த நோட்டு எந்நாளைக்கு, தேர்வட்டவணை எங்கே ஒட்டப்படும், ஐயம் கேட்டால் வாத்தியார் கோபிப்பாரா என்பன போன்ற சிறு அறியாமைகள் சேர்ந்தே பல பிள்ளைகளைப் பின்வரிசைக்கு ஒதுக்கிவிடுகின்றன. இவற்றை ஆசிரியரினும் நன்றாக அறிந்தவன் மூன்றாண்டு முன் அதே வழியில் நடந்த ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனே.

ஆகவே துணைமாணாக்கரை ஒன்பதாம் வகுப்பிலிருந்து கொள்ளுதல் தக்கது. பத்தாம் வகுப்பாருக்குப் பொதுத்தேர்வுச் சுமை உண்டு. ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் போதும். மூன்றாவது பிள்ளையைச் சேர்த்தவுடன் அது வகுப்பாகிவிடும். வகுப்பானால் அதட்டல் பிறக்கும். வாரத்தில் ஒருநாள், பள்ளி நேரத்துக்குள்ளேயே, நாற்பது நிமிஷம், ஆசிரியர் பார்வையிலுள்ள தாழ்வாரத்தில் அவர்கள் கூடவேண்டும். மாலையில் வீட்டுக்குச் சென்று கற்பிப்பதென்றால், பெண்பிள்ளைகளும், வேலைக்குச் செல்லும் தாய்க்கு மாற்றாகத் தம்பி தங்கையரைப் பார்க்கும் பிள்ளைகளும் தாமாகவே விலகிவிடுவர்.

யாரைத் தெரிந்தெடுப்பது? முதல் மதிப்பெண் வாங்குவோரின் பட்டியலை எடுத்துக் கையெழுத்திட்டு விடுதல் எளிது. பெரும்பாலும் அதுவே நடக்கும். அது சரியன்று. கணக்கிற் தடுமாறித் தேறியவனுக்கே தடுமாற்றம் எங்கே நேரும் என்பது தெரியும். இரண்டு மாலை அவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும். விடையைச் சொல்லாமல் வினாவைக் கேட்பது எப்படி, சிறுவன் பேசும்போது குறுக்கிடாதிருப்பது எப்படி, எல்லாவற்றினும் முக்கியமாக, 'எனக்குத் தெரியாது, இருவரும் போய்க் கேட்போம்' என்று கூச்சமின்றிச் சொல்வது எப்படி என்பனவே அப்பயிற்சி. கரும்பலகையிற் பெயரெழுதும் உரிமை துணைமாணாக்கனுக்குக் கூடாது. நோட்டில் மதிப்பெண் இடும் உரிமையுங் கூடாது. பிரம்பைப்பற்றிச் சொல்லவே வேண்டா.

இணை சேர்ப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். பழைய திண்ணைப் பள்ளிகள் பலவற்றிற் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் இடமில்லாதிருந்தது. எனவே சட்டாம்பிள்ளையின் உதவியும் அவர்களுக்கு எட்டவில்லை. அந்த நோய் தீர்ந்துவிட்டதென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. 2023-இல் நாங்குநேரியில் மாணாக்கன் ஒருவன் தன்னுடன் பயின்றோராலேயே வெட்டுண்டான். அதன்மேல் அரசாங்கம் நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு விசாரித்து, 2024-இல் அறிக்கை பெற்றது. ஒரே தெருவார், ஒரே உறவினர் என்று பார்த்து இணை சேர்த்தால், நாமே தெருச்சுவரைப் பள்ளிக்குள் எழுப்பியவராவோம். சீட்டுக் குலுக்கி எடுப்பதே நேரியது. 2024-இல் அரசுப் பள்ளிகளில் ஏற்பட்ட 'மகிழ் முற்றம்' மாணாக்கரைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பகுத்து, மேல்கீழ் வகுப்பாரை ஒன்றாக வைக்கின்றது. அக்குழுக்களுக்குள்ளேயே சீட்டெடுத்து இணை சேர்க்கலாம். புதிய ஏற்பாடு ஒன்றுக்கு ஆணை வருமென்று காத்திருக்க வேண்டுவதில்லை.

மற்றொரு கடினமான விஷயம் உண்டு. நம்பிக்கை வளர வளரச் சிறு பிள்ளை தன் வீட்டுத் துன்பத்தையும் சொல்லும். அடி, பசி, தகாத தீண்டல், சாகத் தோன்றுகின்றது என்னும் சொல், இவற்றில் எதைக் கேட்டாலும் துணைமாணாக்கன் அன்றே பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிடவேண்டும்; இரகசியங் காப்பதாக வாக்களிக்கலாகாது. இதனை முதல் நாளே இருவர்க்கும் கேட்கச் சொல்லிவைத்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டம் பாலியற் குற்றத்தை அறிந்த பெரியவர்மேல் அறிவிக்குங் கடமையைச் சுமத்துகின்றது. அறிவிக்கத் தவறியதற்குச் சிறாரைத் தண்டிப்பதில்லை. நாமும் அச்சுமையைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் வைத்தல் ஆகாது. சிறார் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்னும் இரண்டும் தாழ்வாரச் சுவரிற் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்துதல் தொடங்காமையினுங் கேடு. பெரியவர்கள் சிறுவர்க்குத் துணைநிற்கும் அமெரிக்க ஏற்பாடு ஒன்றை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டோர், ஓராண்டு நீடித்த உறவுகள் மிக்க நன்மை தந்தன என்றும், மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிற் பிள்ளையின் தன்மதிப்பு முன்னிலும் தாழ்ந்தது என்றும் கண்டனர். 'என்னிடம் ஏதோ குறை, அதனால் அண்ணன் வரவில்லை' என்றே பிள்ளை எண்ணும். ஆதலால் அறுபது இணைகளை விழாவெடுத்துத் தொடங்குவதினும், பத்து இணைகளை ஜூன் முதல் ஏப்ரல் வரை விடாது நடத்துதல் மேல். துணைமாணாக்கன் விலக நேர்ந்தால் அவனே வந்து காரணஞ் சொல்லி, தனக்குப்பின் வருபவனைப் பிள்ளைக்கு அறிமுகஞ் செய்துவிட்டுச் செல்லவேண்டும்.

இவ்வேற்பாட்டில் நம் கலாசாலை மாணாக்கருக்கும் பழைய மாணாக்கருக்கும் உரிய இடம் எதுவெனக் கேட்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் நேரே செல்லவேண்டுவதில்லை. அவ்விடம் ஒன்பதாம் வகுப்பாருக்கு உரியது. மாதம் ஒருமுறை பொறுப்பாசிரியரின் அனுமதியோடு சென்று, அத்துணைமாணாக்கரை வட்டமாக இருத்தி, இம்மாதம் எது கைகூடவில்லை என்று கேட்டு இருந்தாற் போதும். பின்னங்களை விளக்க ஒருவனுக்குத் தெரியாமலிருக்கும். வாயே திறவாத பிள்ளையோடு என்செய்வதென்று ஒருத்தி கேட்பாள். மூன்று வாரமாக வராத பிள்ளையைப்பற்றி ஒருவன் கவலைப்படுவான். கேட்டவற்றைப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டுத் திரும்பலாம். ஈக்காட்டுத்தாங்கலுக்கு 2015 முதல் மெட்ரோ ரயில் வருகின்றது. தொலைவென்று சொல்ல இடமில்லை.