ஒளியால் தீட்டும் ஓவியம்

'ஃபோட்டோகிராபி' என்பது இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஒளியால் வரைதல் என்பது அதன் பொருள். தூரிகை ஏந்தும் ஓவியர் எதை அழுத்தமாகத் தீட்டுவது, எதை மங்கலாக விடுவது என்று தாமே முடிவு செய்கிறார். காமிரா ஏந்துபவருக்கும் அவ்வுரிமை உண்டா? உண்டு என்று நிலைநாட்டியவர்களுள் ஒரு பெண்மணியை நம் மாணவிகள் அறிந்திருத்தல் நன்று.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல் இங்கிலாந்தின் வைட் தீவில் அவர் வாழ்ந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிகள் அடையும் கொட்டகையைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கவிஞர் டென்னிசனையும் அறிஞர் ஹெர்ஷலையும் படமெடுத்த அதே மதிப்போடு வீட்டுப் பணிப்பெண்களையும் எடுத்தார். மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண் பல படங்களில் தேவ அன்னையாகக் காட்சி தருகிறார்.

அவருடைய படங்களில் முகங்கள் பெரிதாகவும் சற்றே மங்கலாகவும் இருக்கும். கண்ணில் உயிரொளி ததும்ப, ஆடையும் கூந்தலும் நிழலில் கரைந்திருக்கும். இது ஃபோகஸ் அறியாதவரின் குறை என்று அக்கால விமர்சகர் சிலர் எள்ளினர். அவரோ தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே லென்ஸை நிறுத்தினார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே காலமானார். அன்று குறை கூறப்பட்ட அப்படங்கள் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பேணிக் காக்கப்படுகின்றன.

தெரிந்தே செய்யும் மங்கல் கலையாகும். கவனக்குறைவால் நேர்வது பிழையாகும். தெரிந்து செய்வதற்கு மூன்று கருவிகள் நமக்கு உதவும்.

முதலாவது, லென்ஸின் துவாரம். இதனை எஃப் எண்களால் குறிப்பர். எண் சிறியதானால் துவாரம் பெரிது. எஃப் 2இல் வைத்து ஒரு மலரை அருகிலிருந்து எடுத்தால் மலர் மட்டும் தெளிந்து, பின்னணி மெழுகுபோல் உருகி நிற்கும். எஃப் 16இல் அருகிலுள்ள செடியும் தொலைவிலுள்ள கட்டடமும் ஒருங்கே தெளியும். பெரும்பாலான கைபேசிகளில் இத்துவாரம் மாறாது. ஆயினும் பொருளை மிக நெருங்கி, பின்னணி வெகு தொலைவில் இருக்குமாறு நின்றால், ஓரளவு அதே பயன் கிட்டும்.

இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால், தெறிக்கும் நீர்த்துளிகள் முத்துக்களாய் அந்தரத்தில் நிற்கும். காமிராவை முக்காலியில் அசையாது பொருத்தி ஒரு நொடி திறந்தால், அதே நீர் வெண்பட்டாய் வழியும். ஓட்டப் பந்தயத்தில் நொடியின் முப்பதில் ஒரு பங்கு வைத்து, ஓடும் தோழியோடு காமிராவையும் ஒரே சீராகத் திருப்பிப் பாருங்கள். அவள் ஓரளவு தெளிவாய் நிற்க, பின்னணி கோடுகளாய்ப் பறக்கும். வேகமே படமாகிவிடும்!

மூன்றாவது, ஒளி வரும் திசை. உச்சி வெயில் கண்களுக்குக் கீழே கருநிழல் வீழ்த்தும். சன்னலோரம் பக்கவாட்டில் விழும் மென்மையான ஒளியோ முகத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும். பாட்டியின் சுருக்கம் விழுந்த முகத்திற்கு இவ்வொளி மிகப் பொருந்தும். மாலையில் ஒளிமிக்க வானத்தைப் பின்னணியாக்கி, வானத்திற்கேற்ப ஒளியை அளந்தால், முன்னே நிற்பவர் கருநிழல் உருவமாவார். முகம் தெரியாவிடினும் நிற்கும் தோரணை பேசும். எச்சரிக்கை ஒன்று: கண்ணாலோ காமிராவின் பார்வைத் துளை வழியாகவோ சூரியனை நேரே நோக்கலாகாது.

மாணவிகளே! விலையுயர்ந்த காமிரா இல்லையே என ஏங்க வேண்டாம். வீட்டில் உள்ள கைபேசியைப் பெற்றோர் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளை, அது ஒரு தண்ணீர்க் குடமாயினும் சரி, காலை, நண்பகல், மாலை என மும்முறை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். குடம் ஒன்றே, படங்கள் மூன்றும் வேறு வேறு. அவற்றுள் எது அழகு, ஏன் அழகு என்று உங்களால் காரணம் கூற முடிந்தால், அன்றே நீங்கள் ஒளியால் வரையத் தொடங்கிவிட்டீர்கள்.