வேனில் விடுமுறையும் உழைப்பாளர் உடல்நலமும்

நாகலாபுரத்து வேதநாராயணப் பெருமாள் கோயிலில் பங்குனித் திங்களில் மூன்று நாட்கள், மாலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறைக்குட் சென்று, முதல் நாள் திருவடியிலும் மறுநாள் உந்தியிலும் மூன்றாம் நாள் திருமுகத்திலும் படிவதை நம் அன்பர் பலர் கண்டிருப்பர். கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பையின் பெயர் விளங்கச் செய்த ஊர் அது. பங்குனியில் இங்ஙனம் மென்மையாய் வந்து தொழும் அதே கதிரவன், சித்திரை பிற்பகுதியில் கத்திரி தொடங்கியதும், வயலிலும் மாந்தோப்பிலும் சாலைப் பணியிலும் நிற்போரை வாட்டத் தலைப்படுகிறான். அடிவாங்கியவர்க்கே அதன் வலி தெரியும் என்பதாலோ என்னவோ, அண்டை வீட்டுத் தெலுங்கர் இந்நோயை ‘வடதெப்ப’, அதாவது வெப்பத்தின் அடி, என்றே வழங்குகின்றனர். 2015ஆம் ஆண்டு மே மாதத்து வெப்ப அலையில் ஆந்திர மாநிலத்தில் மட்டும் மாண்டோர் 1,300க்கும் மேற்பட்டவர்.

பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றிருக்கும் நம்மவர் பிள்ளைகளோடு ஊர் திரும்பும் காலமும் இதுவே. ஆதலின் வேனிலில் உழைப்போர் நலம் குறித்து இத்திங்கள் சில எழுத எண்ணினோம். நிழல், நீர், மோர், கூழ் என்பனவற்றின் பெருமையை நம் வாசகர்க்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பலரும் அறியாத செய்தி வேறொன்று உளது. வெயிலில் மிகுதியாய் வீழ்வோர் நெடுநாள் பழகிய உழைப்பாளர் அல்லர். வேலைக்குப் புதிதாய் வந்தவரும், விடுப்பு முடிந்து மீண்டவருமே ஆவர். வெட்டவெளி வேலையில் வெப்பத்தால் நேரும் இறப்புகளில் பாதியேனும் வேலை தொடங்கிய முதற் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்று அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் கண்டுள்ளனர்.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை. வெப்பத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக உழைத்து வந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கக் கற்றுக்கொள்கிறது, அளவிற் பெருகுகிறது, அதனோடு வெளியேறும் உப்போ குறைகிறது. நெஞ்சின் படபடப்பும் தணிகிறது. இப்பழக்கம் நிலையான சொத்தன்று. ஒரு வாரம் வெப்பத்தை விட்டு அகன்றிருந்தாலே தேயத் தொடங்கும். ஒரு திங்கள் அகன்றிருந்தால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இவ்வுண்மையை உலகம் சுரங்கங்களில் கற்றது. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கங்களில் 1924ஆம் ஆண்டு முதல் வெப்பத்தாக்கினால் தொழிலாளர் மடியக் கண்டு ஆராய்ந்தவர்கள், புதிதாய் வந்தவரை முதல் நாளே கடும்பணியில் இறக்காமல் படிப்படியாகப் பழக்கும் முறையை வகுத்தனர். இறப்புகள் பெரிதும் குறைந்தன. சுரங்க வெப்பம் நம்மவர்க்கும் புதிதன்று. சித்தூர், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து தமிழர் பெருந்திரளாய்ச் சென்று குடியேறிய கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்றன. ஆழம் பெருகப் பெருகப் பாறையின் சூடும் பெருகியது. 2001ஆம் ஆண்டு அச்சுரங்கம் மூடப்படும் வரை, தலைமுறை தலைமுறையாக அச்சூட்டில் நின்று பொன் எடுத்தவர் பலர் நம் பக்கத்து மக்களே.

இன்று வழங்கும் விதி எளியது. புதிய ஆளுக்கு வெப்பமான வேலையில் முதல் நாள் முழு நேரத்தில் 20 விழுக்காடு; பின் நாளொன்றுக்கு 20 விழுக்காடு கூட்டி ஐந்தாம் நாள் முழு நேரம். முன்பே பழகி விடுப்பிற் சென்று மீள்பவர்க்கு முதல் நாள் பாதி, அடுத்த நாட்களில் 60, 80, பின் முழுமை. அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிலையம் கூறும் கணக்கு இது. நாட்கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி இதைக் கேட்டால் நகைப்பார் என்பதை நாமும் அறிவோம்.

ஆயினும் யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வு முடித்துக் கல்லூரிச் செலவுக்காக மாங்காய் பறிக்கவும் சிமெண்டு மூட்டை சுமக்கவும் செல்லும் இளைஞன் ஒருவன். ஆண்டு முழுதும் குளிரூட்டிய அறையிலிருந்து, விடுமுறைக்கு வந்த இடத்தில் வீட்டு வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிடத் தானும் மண்வெட்டி எடுக்கும் தந்தை ஒருவர். குளிர் நாட்டில் விடுப்பைக் கழித்து ஜூலையில் துபாய்க் கட்டடப் பணிக்கு மீள்பவர் மற்றொருவர். கருவுற்ற பெண்டிர் நிலை இன்னும் கவலைக்குரியது. சென்னை இராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கருவுற்ற மகளிரை ஆராய்ந்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தோர்க்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. “எங்கள் காலத்தில் நாற்று நட்டுக்கொண்டே பிள்ளை பெற்றோம்” என்று சொல்லும் மூதாட்டியர் இழந்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதில் அறிவுரை மட்டும் பயன்படாது. கூலி முறையும் துணை நிற்க வேண்டும். செய்த அளவுக்கே கூலி என்றால் எவர் நிழலில் அமர்வார்? ஆந்திர அரசு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பல ஆண்டுகள் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தது. வேனில் மாதங்களில் முழுக் கூலிக்குச் செய்ய வேண்டிய வேலையின் அளவையே குறைத்தது. ஏப்ரல், மே மாதங்களில் அக்குறைப்பு 30 விழுக்காடு. மண் வெட்டுவோரின் உடலறிந்து வகுத்த விதி அது.

அயல்நாட்டில் இருப்போர் தம் உரிமையை அறிந்திருத்தல் நன்று. ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. சிங்கப்பூரில் 2023 முதல், வெப்பத்தையும் ஈரத்தையும் கூட்டி அளக்கும் கருவி 32 பாகையைத் தொட்டால், கடும்பணி செய்வோர்க்கு மணிக்குப் பத்து நிமிடமேனும் ஓய்வு தர வேண்டும்; 33ஐத் தொட்டால் பதினைந்து நிமிடம்.

நீர் பருகுவதில் தாகம் வரும்வரை காத்திருத்தல் தவறு. கடும் வேலையில் கால் மணிக்கொரு தம்ளர் கணக்கே சரி. வியர்வை பெருகினால் உப்பிட்ட மோரும் கூழும் துணையாகும். மதுவோ கேடு விளைக்கும். காற்றே 40 பாகைக்கு மேல் சூடேறியபோது மின்விசிறி குளிர் தராது; அனற்காற்றையே மேலே வீசும். அப்போது உடலை நனைத்துக்கொள்வதே வழி. குருதிக் கொதிப்புக்கு மாத்திரை உண்போர் வேனில் தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு கேட்டுக்கொள்க. அவற்றுட் சில உடலின் நீரைக் கழிப்பன.

தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வர வேண்டும். பேச்சு குழறி, நடை தள்ளாடி, உடல் நெருப்பாய்ச் சுட்டால், வியர்வை இருப்பினும் இல்லாவிடினும், அது வெப்பத்தாக்கே. பலர் உடனே வண்டி தேடி ஓடுவர். வண்டி வரும்வரை ஆள் வெயிலிலேயே கிடப்பார். குளிர்விப்பது முதல் வேலை, கொண்டுசெல்வது அடுத்தது. ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் அவரை நிழலிற் கிடத்தி, மேலாடை களைந்து, குடம் குடமாய் நீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவு தடுமாறியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கலாகாது. வண்டி வந்து சேரும் வரை நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.