தண்ணீர் மேல் வண்ணம்

பரவை காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பேரேட்டு அட்டையில் பளிங்குக்கல் மாதிரி நெளிந்து ஓடுகிறதே, அந்த டிசைன் எங்கிருந்து வந்தது?"

உங்களிடம் இருப்பது அச்சு, ஐயா. நாலு பேரேடுகளை அடுக்கிப் பார்த்தால் எங்காவது அதே நெளிவு திரும்ப வந்துவிடும். மூலமான மார்பிளிங் கைவேலையில் ஒன்றுபோல் இன்னொன்று வராது. கணக்குப் புத்தகத்துக்கு அது வந்து சேர்ந்ததற்கும் அந்தக் குணம் ஒரு காரணம். ஐரோப்பாவில் பேரேட்டின் தாள் விளிம்புகளை இறுகச் சேர்த்து வண்ணத்தில் தொட்டெடுப்பார்கள். நடுவில் ஒரு தாளை உருவினால் கோலம் அந்த இடத்தில் அறுந்து திருட்டைச் சொல்லிவிடும். 1775-ல் அமெரிக்கக் காங்கிரஸ் வெளியிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்திலும், கள்ளநோட்டுக்குப் பயந்து, இதே வண்ணப்பட்டை.

செய்முறை சின்னதுதான். அகலத் தட்டில் கெட்டித் தண்ணீர். அதன்மேல் வண்ணத்தைத் தெளித்து, குச்சியாலும் சீப்பாலும் இழுத்து, படிகாரத்தில் நனைத்துக் காயவைத்த துணியையோ தாளையோ மேலே படுக்கவைத்து எடுக்க வேண்டும். தண்ணீரைக் கெட்டியாக்குவது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். நம்மூர் ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும் கடல்பாசிக்கு அது பங்காளி முறை. மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலும் கராஜீனன்தான் இருக்கிறது.

என்னை மயக்கியது வேறொன்று: மாட்டுப் பித்தநீர். பழைய முறையில் வண்ணத்தில் சில சொட்டுப் பித்தம் கலப்பார்கள். பித்தம் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், மூழ்க வேண்டிய வண்ணம் மேலேயே வட்டமாக விரிகிறது. இரண்டாம் வண்ணம் முதலாவதைத் தள்ளி இடம்பிடிக்க வேண்டுமே? அதற்குப் பித்தம் கொஞ்சம் கூடுதல். மூன்றாவதற்கு இன்னும் கூடுதல். இப்படி நெருக்கித் தள்ளினாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நீலம் நீலமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் கோடு பிரிந்து நிற்கும். கசாப்புக் கடையில் தூக்கியெறிகிற ஒன்றில் இவ்வளவு வேலை!

இதை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 17-ஆம் நூற்றாண்டிலேயே பீஜப்பூர் ஓவியர்கள் மார்பிளிங்கிலேயே உருவங்கள் எடுத்தார்கள். எலும்பும் தோலுமான ஒரு குதிரையும் அதன்மேல் ஓர் ஆளும் உள்ள படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கைக்காகிதத்திலும் பட்டிலும் செய்கிறார்கள்.

துருக்கிக்காரர்கள் எப்ரு என்று அழைக்கும் தங்கள் மார்பிளிங் கலையை 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். நாமும் 2005-ல் நம் கைவேலையான, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கும் மதுரைச் சுங்குடிச் சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். வாங்கிய கையோடு, புள்ளியை அச்சடித்த சேலையையும் சுங்குடி என்றே விற்கிறோம். சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றிப் போடும் முடிச்சுக்கு அப்புறம் என்ன கூலி கிடைக்கும்? மலிவாக அச்சுச் சேலை கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அச்சு என்று சொல்லி விற்கட்டும். அடுத்த முறை கடையில் "முடிச்சா, அச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.