சுருங்காத கட்டிக்கும் மருந்து கேட்கும்

திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே எழுந்த சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் மருத்துவர்கள் அறுத்தெடுத்தார்கள். அது மறுபடி வளர்ந்தது. சோதித்ததில் சர்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. நான்கு முறை அறுவை நடந்தது, ரேடியம் வைத்தும் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14-இல் அவர் மறைந்தார்.

கையில் வந்த கட்டி கண்ணுக்குத் தெரிந்தது. அதே சர்கோமா இனத்தைச் சேர்ந்த ‘ஜிஸ்ட்’, இரைப்பை அல்லது சிறுகுடல் சுவரின் தசையில் வளர்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கே வரும் அரிய கட்டி இது. உள்ளே ரத்தம் கசிந்தால் மலம் கன்னங்கரேலென்று போகும், சோகை பிடிக்கும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் நாளெல்லாம் வேலை செய்பவர் அந்த அசதியை வெயிலின் கணக்கில் எழுதிவிடுவார்.

சளிச்சவ்வுக்கு அடியில் இருப்பதால், எண்டோஸ்கோப்பியில் மேலாகக் கிள்ளியெடுக்கும் சதையில் கட்டி அகப்படாமல் போகலாம். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் அது எங்கிருக்கிறது, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று காட்டும்.

ஜிஸ்ட் வளர்வதற்குப் பெரும்பாலும் ‘கிட்’ மரபணுவின் பிழையே காரணம் என்று 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். 2000-இல் ஜிஸ்ட் இருந்த பின்லாந்துப் பெண் ஒருவருக்கு, அந்தப் பிழையால் வரும் தூண்டலைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை தரப்பட்டது. சர்க்கரையை விழுங்கும் செல்களை ஒளிரச் செய்யும் பெட் ஸ்கேனில், ஒரே மாதத்தில் அவருடைய கட்டிகளின் ஒளிர்வு அடங்கியிருந்தது.

குழப்பம் சி.டி.யில் வந்தது. மருந்து வேலை செய்யும்போதும் சில கட்டிகள் சுருங்குவதில்லை. உள்ளே நீர் கோத்துச் சற்றுப் பெருப்பதும் உண்டு. அளவை மட்டும் பார்த்தால் நல்ல மருந்தை நிறுத்திவிட நேரும். அதனால் 2007-இல் ‘சோய்’ அளவுகோல் வந்தது: கட்டியின் நீளம் 10 சதவீதமோ, அடர்த்தி 15 சதவீதமோ குறைந்தால் மருந்து கேட்கிறது என்று பொருள்.

இமாடினிப் மாத்திரை நமக்கு எட்டும் விலையில் கிடைப்பதில் சென்னைக்குப் பங்குண்டு. அதைக் கிளிவெக் என்ற பெயரில் விற்கும் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-இல் அந்த மறுப்பை உறுதிசெய்தது.

அடர்த்தியை ஒப்பிட, சிகிச்சைக்கு முன் எடுத்த படம் கட்டாயம் வேண்டும். மதுரைக்கோ சென்னைக்கோ போகும் நோயாளி, ரிப்போர்ட் தாளோடு பழைய ஸ்கேன் பிலிமையும் குறுந்தகட்டையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.