கீற்று வெட்டு

கீற்று வெட்டு என்பது காய்கறிகளை ஒரே அளவுள்ள மெல்லிய, நீண்ட துண்டுகளாக நறுக்கும் முறையாகும். பிரெஞ்சுச் சமையலில் இது ஜூலியன் எனப்படும். பிரான்சுவா மசியாலோவின் சமையல் நூலின் 1722 பதிப்பில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது.

செய்முறை

கேரட்டை 5 செ.மீ. நீளத் துண்டுகளாக்கி, பக்கங்களைச் சீவிச் சதுரமாக்க வேண்டும். பின்னர் ஏறத்தாழ 3 மி.மீ. தடிமனில் வில்லைகளாக வெட்டி, அவற்றை அடுக்கி, அதே தடிமனில் நீளவாக்கில் நறுக்க வேண்டும். அளவு மாறினால், தடித்த கீற்று வேகும் முன்பே மெல்லியது குழைந்துவிடும்.

முட்டைக்கோசு இயல்பாகவே இலையடுக்குகளால் ஆனது. எனவே அதை வில்லையாக்கத் தேவையில்லை. இரண்டாகப் பிளந்து மெலிதாக அரிந்தாலே கீற்றுகள் உதிரும்.

அத்தோவில் பயன்பாடு

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களால் சென்னையில் பரவிய உணவு அத்தோ. பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய கடைகளில் இது விற்கப்படுகிறது. இதில் முட்டைக்கோசும் வெங்காயமும் வேகவைக்கப்படாமல், நூடுல்சு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், எண்ணெய் ஆகியவற்றுடன் கையால் பிசையப்படுகின்றன. கோசை மென்மையாக்க இங்கு அடுப்பு இல்லை. அந்த வேலையைக் கத்தியே செய்கிறது. தடிமனாக அரிந்த கோசில் புளியும் காரமும் ஒட்டாது. நூடுல்சு அளவுக்கு மெலிந்த கீற்றே அதனுடன் கலந்து ஒரே வாயில் மெல்ல வரும்.