மேலே ஆறு, கீழே கடல்

எர்ணாகுளம் மரைன் டிரைவ் ஜெட்டியிலிருந்து கிளம்பும் மாலைப் படகுகள் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகின்றன. வலப்பக்கம் டச்சுக்காரர்கள் 1744இல் கட்டிய போல்காட்டி மாளிகை வரும். அதைத் தாண்டினால் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு, பிறகு ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள், கடைசியில் அரபிக்கடலின் வாசல். கேரள அரசு நிறுவனம் நடத்தும் சாகர ராணி போன்ற பெரிய படகுகள் வாசலைக் கடந்து கொஞ்சம் வெளிக்கடலையும் காட்டிவிட்டுத் திரும்பும். ஏறியவர்கள் எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். கீழ்த்தளத்தில், தண்ணீரை ஒட்டிய ஓரத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கொச்சித் துறைமுகத்தின் பெரிய அதிசயம் தண்ணீருக்குள் நடக்கிறது. அதன் விளிம்பு மட்டும் சில மாலைகளில் வெளியே தெரியும்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனால், வாசலுக்கு அருகே தண்ணீரின் மேல் ஒரு கோடு ஓடுவதைக் காணலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கலங்கிய பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. கோட்டின் மேல் நுரை வரிசையாகக் கட்டி நிற்கும். நுரைக்குள் வேரோடு பிய்ந்து வந்த ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில்கள். ஆலாக்கள் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் மேலும் கீழுமாகப் பறக்கும். சில நாட்களில் கூன்முதுகு ஓங்கில்களும் அங்கே தலைகாட்டும். அது என்ன கோடு என்று படகில் வேலை செய்யும் சேட்டனைக் கேட்டேன். “ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் முட்டுற இடம், சார்” என்றார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

அவர் சொன்னது முழு உண்மை. ஒரு லிட்டர் ஆற்றுநீர் ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அது சுமார் 1.025 கிலோ. லிட்டருக்கு 25 கிராம்தான் வித்தியாசம். ஆனால் எடை குறைந்த ஆற்றுநீர் மேலாகப் பரவவும், எடை கூடிய கடல்நீர் அதற்கு அடியில் ஆப்பு மாதிரி நுழையவும் இந்த வித்தியாசம் போதும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மேற்பரப்பு நீர் இரு பக்கத்திலிருந்தும் வந்து கூடி உள்ளே இறங்குகிறது. இறங்க முடியாத நுரையும் செருப்பும் செடியும் மேலே தங்கிவிடுகின்றன. மிதக்கும் நுண்ணுயிர்களும் அங்கேயே குவிகின்றன, அவற்றைத் தேடிச் சிறுமீன், சிறுமீனைத் தேடி ஆலாவும் ஓங்கிலும். கழிவு என்று நாம் முகம் சுளிக்கும் அந்த நுரைப்பட்டை ஒரு சாப்பாட்டுப் பந்தி.

கோட்டைக் கடந்து துறைமுகத்துக்குள் வந்துவிட்டாலும் இந்தச் சந்திப்பு முடிவதில்லை. படகின் அடியில் இரண்டு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மேலடுக்கில் ஆற்றுநீர் கடலை நோக்கி. அடியில் கடல்நீர் உள்நாட்டை நோக்கி. ஓதத்தின் ஏற்ற இறக்கம் இரண்டையும் சேர்த்து முன்னும் பின்னும் அலைக்கழிக்கும். ஆனாலும் பல நாள் ஓட்டத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மேலே வெளியேற்றம், கீழே உள்வரவு என்பதுதான் கணக்கு.

மேலடுக்குக்குத் தண்ணீர் கொடுப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆறு எல்லாம் வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. அத்தனை நீருக்கும் கடலுக்குப் போக இருக்கும் நிலையான வாசல்கள் இரண்டு. ஒன்று வடக்கே அழீக்கோட்டில், மற்றொன்று கொச்சியில். கொச்சி வாசலின் அகலம் சுமார் 450 மீட்டர். பெரியாற்று நீரில் ஒரு பங்கு 1895 முதல் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைக்கு வந்துவிடுகிறது. தேனிப் பக்கத்து வயலுக்குப் பாயும் அந்த நீர், இயற்கை விட்ட வழியில் போயிருந்தால் இந்தப் படகின் அடியைத்தான் கடந்திருக்கும்.

கொச்சியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த ஒரு மீட்டர் நீர், பரந்து கிடக்கும் காயலுக்குள் 450 மீட்டர் வாசல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். அதனால் வாசலில் இழுப்பு பலமாக இருக்கும், நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டும். படகின் எஞ்சின் ஓசை அங்கே மாறுவதைக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும்.

இந்த உப்புக் கணக்கைக் கப்பல்கள் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கின்றன. எதிரே நிற்கும் சரக்குக் கப்பலின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும் வரைந்திருக்கும். பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சில சிறு கோடுகள். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகக் கொடுத்த வழக்கத்தை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடியதன் பலனாக, 1876இல் சட்டமானது இந்தக் குறி. அந்தச் சிறு கோடுகளில் ‘எஸ்’ என்பது கோடைக்காலக் கடல்நீருக்கான எல்லை, ‘எஃப்’ என்பது நன்னீருக்கான எல்லை. நன்னீர்க் கோடு உயரத்தில் இருக்கும். எடை குறைந்த நீரில் கப்பல் கூடுதலாக அமிழும், அதற்குத்தான் அந்த இடம். 14 மீட்டர் ஆழம் அமிழ்ந்து வரும் பெரிய கன்டெய்னர் கப்பல் ஒன்று கடல்நீரிலிருந்து முழு நன்னீருக்குள் நுழைந்தால், ஒரு பெட்டிகூடக் கூடுதலாக ஏற்றாமலே சுமார் ஓர் அடி கீழே இறங்கிவிடும். கொச்சியில் கடல்நீர் அடியில் இருப்பதால் அவ்வளவு இறங்காது என்றாலும், ஆடி மாதத்து வெள்ளத்தில் கப்பலின் அடிக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியைக் கணக்கிடுபவர்கள் இதை மறக்க முடியாது.

தரை என்றதும் சேற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் களிமண் துகள்கள் மிகமிகச் சிறியவை. ஒரு மைக்ரோமீட்டர் அளவுத் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்தக் கணக்குப்படி ஆற்றுச்சேறு முழுவதும் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போவதில்லை. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அதனால் நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. உப்புநீர் பட்டதும் சோடியம், மக்னீசியம் அயனிகள் அந்த மின்விலக்கத்தை மறைத்துவிடுகின்றன. துகள்கள் ஒட்டத் தொடங்குகின்றன, பாலில் எலுமிச்சை பிழிந்ததும் திரிவதைப் போல. திரிந்த திரள்கள் வேகமாக இறங்கும். பத்து நாள் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இறங்குகிற இடம்தான் இதில் முக்கியம். திரள் கீழடுக்கில் விழுகிறது, கீழடுக்கோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வெளியே போகவேண்டிய சேற்றைக் கடல்நீர் துறைமுகத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து படியவிடுகிறது. ஆறு சந்திக்கும் இடமென்பதால் கப்பலுக்கு ஒதுங்கிடம் கிடைத்தது, ஆறு சந்திக்கும் இடமென்பதாலேயே அது ஓயாமல் தூர்ந்தும் போகிறது. கொச்சியில் கப்பல் பாதையின் ஆழத்தைக் காக்க ஆண்டுதோறும் ஒரு கோடி கனமீட்டருக்கும் மேற்பட்ட சேற்றைத் தூர்வார வேண்டியிருக்கிறது. நீங்கள் போகும் மாலையில் குழாயும் பம்புமாக ஒரு தூர்வாரும் கப்பல் கண்ணில் பட்டால், அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது நின்றால் துறைமுகமும் நின்றுவிடும்.

இந்தத் துறைமுகத்தின் பிறப்பையே ஆற்றுவெள்ளத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அதற்கு முந்தைய பெருந்துறை வடக்கே இருந்த முசிறி. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பேசுகிறது, அந்த ஆறு இதே பெரியாறுதான். பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகள் அந்தத் துறையின் பகுதி என்று கருதப்படும் தடயங்களைத் தந்தன. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் வடக்கு வாசலை மண்ணால் மேடாக்கி, கொச்சி வாசலை அகலமாக்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வலப்பக்கம் நீண்டு கிடக்கும் வைப்பின் தீவு அப்போது கிடைத்த நிலம் என்று கருதி, அந்த வெள்ள ஆண்டைத் தொடக்கமாக வைத்து ‘புதுவைப்பு’ என்றொரு ஆண்டுக்கணக்கே வழக்கில் இருந்தது. நிலம் பிறந்த நாளிலிருந்து காலத்தை எண்ணிய மக்கள்!

ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரிய கப்பல்கள் இந்த வாசலுக்குள் வரமுடியவில்லை. வாசலுக்கு வெளியே குறுக்கே கிடந்த கெட்டியான மணல்திட்டு வழிமறித்தது. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கு தோணிகளில் போய்வந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் காலத்தில் 1920இல் இங்கே அனுப்பப்பட்ட ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் அலை, ஓதம், சேறு எல்லாவற்றையும் படித்துவிட்டு, திட்டை வெட்டலாம் என்றார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. அள்ளிய மண்ணை வீணாக்காமல் கொட்டி எழுப்பியதுதான் படகிலிருந்து இடப்பக்கம் பார்க்கிற வில்லிங்டன் தீவு. அங்கே நிற்கும் கட்டடங்களின் அடியில் இருப்பது காயலின் தரை மண். இந்தக் கரையோரச் சேற்றைப் பற்றித் தனி நூலே எழுதியவர் பிரிஸ்டோ. நாரக்கல், ஆலப்புழைக் கடலோரங்களில் மழைக்காலத்தில் சேறு கிளம்பி அலையை அடக்கிவிடும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடத்தில் மட்டும் மீனவர்கள் வள்ளம் இறக்குவார்கள். துறைமுகத்துக்குச் சுமையாகும் சேறு அவர்களுக்குச் சோறு போடுகிறது.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீன வலைகளைப் படகு மெல்லக் கடக்கும். வலையின் வடிவத்தைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள், அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். கனமான கற்கள் கயிறுகளில் தொங்கும், கயிறுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. நான்கைந்து பேர் கயிறு இழுத்ததும் வலை நீரைவிட்டு எழத் தொடங்கும். வலை உயர உயர எதிர்ப்பக்கம் தாழ்ந்து, கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் உட்காரும். உட்கார்ந்த கல்லின் எடை கணக்கிலிருந்து கழிந்துவிடுவதால், ஒவ்வொரு நிலையிலும் வலையின் எடைக்கு ஏற்ற எதிரெடை மட்டுமே மிஞ்சும். மோட்டார் இல்லாமல் அவ்வளவு பெரிய அமைப்பை ஆட்டிவைக்கும் அந்தக் கணக்கு யாருடைய மூளையில் உதித்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஆகாயத்தாமரை வந்து குவியும் மாதங்களில் இந்த வலைகளை இறக்கவே முடியாமல் போகும். உப்பு ஏறினால் அந்தச் செடி செத்துவிடும், ஆகவே வலைக்காரர்கள் காத்திருப்பதும் கடல்நீருக்காகத்தான்.

சூரியன் அடிவானத்தைத் தொடும்போது காற்றுமண்டலம் அதன் ஒளியைச் சுமார் அரை டிகிரி வளைத்துத் தருகிறது. சூரியனின் அகலமும் அரை டிகிரிதான். ஆக, முழுவட்டமாக நாம் பார்க்கிறபோதே அது கீழே இறங்கியாகிவிட்டது.

திரும்பும்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவைகள் இடப்பக்கம், பச்சை மிதவைகள் வலப்பக்கம். தூர்வாரிக் காத்த பாதை இந்த இரண்டு நிறங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கரையின் ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் தண்ணீரில் ஒரு நீண்ட ஒளித்தூண் நிற்கும். நீர் அசையாதிருந்தால் ஒரு புள்ளிதான் தெரியும். சிற்றலைகள் பல சாய்வுகளில் ஆடுவதால், விளக்குக்கும் நம் கண்ணுக்கும் நடுவே நெடுகிலும் ஏதோ ஒரு சாய்வு ஒளியை நம்மிடம் திருப்பிவிடுகிறது. அதனால்தான் எல்லாத் தூண்களும் உங்களை நோக்கியே நீள்கின்றன, பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பது வேறு தூண்களை. நீர்கள் கூடும் பட்டையில் உயிரினக் கொழுப்பு மெல்லிய படலமாகச் சேர்ந்து சிற்றலையை அடக்கும். ஒளித்தூண் திடீரென்று சுருங்கி உடையும் இடம் தெரிந்தால் அங்கே ஒரு கோடு இருக்கிறது.

கோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் அக்டோபரில், அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த இரண்டொரு நாளில் போகலாம். அந்த நாட்களில் ஓதத்தின் வீச்சு அதிகம். வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், எனவே இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, மாலையில் நீர் வெளியேறும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் போனால் கோடு கிடைக்காது. ஆறுகள் மெலிந்து, கடல்நீர் தண்ணீர்முக்கம் தடுப்பணை வரைக்கும் ஏறியிருக்கும். அப்போது படகுப் பயணத்தை முடித்துக்கொண்டு, அருகிலுள்ள கும்பளங்கிக்கு நிலவில்லாத இரவில் போங்கள். உப்பேறிய காயலில் ‘கவரு’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் நீல ஒளி தெரியும். 2019இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் அதைப் பலருக்கும் காட்டியது. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிரிகளின் வேலை அது. நீர் அசைந்து செல்லின் சவ்வு அழுந்தியதும் உள்ளே சிறு மின்துடிப்பு எழுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, லூசிஃபெரேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்க, செல் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளிர்ந்து அணைகிறது. மழை வந்து மேலடுக்கு மறுபடி ஆற்றுநீரானதும் கவரு போய்விடும், ஆகாயத்தாமரை திரும்பி வரும்.